20 வளைவு இறங்கும் முன் 20 நிமிடம்: மலை மக்களின் உயிருக்கு யார் கணக்கு வைப்பது?

சேர்வராயன் மலையில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் ஒரு அக்காவைப் பாம்பு கடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதலில் என்ன செய்வாங்க? துண்டையோ கயிற்றையோ எடுத்துக் காலை இறுக்கிக் கட்டுவாங்க. அப்புறம்தான் வண்டி தேடுவாங்க. ஒருவழியா ஆஸ்பத்திரி வந்து சேர்ந்த பிறகு, "சேலம் ஜி.ஹெச்.சுக்குக் கொண்டு போயிடுங்க" என்று ஒரு சீட்டு கையில் கொடுக்கப்பட்டால் என்ன ஆகும்? 20 கொண்டை ஊசி வளைவு. ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மழை பெய்து மண் சரிந்தால் அந்தப் பாதையும் சந்தேகம்தான். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின்போது பார்த்தோமே!

மருத்துவத் தவறு என்றதும் நமக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் ஞாபகம் வருது. மலையில் தவறு பெரும்பாலும் அந்தச் சீட்டில்தான் ஒளிந்திருக்கிறது. கடித்தது எத்தனை மணிக்கு? கட்டுப் போட்டது எப்போது? எந்த ஊசி போட்டாச்சு? இது எழுதப்படாவிட்டால் கீழே இருக்கிற டியூட்டி டாக்டர் முதலிலிருந்து ஆரம்பிக்கணும். பாம்பு விஷம் அதுவரை காத்திருக்காது.

இதற்கு வழிமுறை இல்லாமல் இல்லை. நோயாளியின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கணும். உறையாமல் ஓடினால், விரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று அர்த்தம். அவ்வளவுதான் சோதனை. ஆனால் குழாய் கண்ணாடியாக இருக்கணும், சுத்தமா காய்ந்திருக்கணும். பிளாஸ்டிக் குழாயிலோ, சோப்புத் தூள் போட்டுக் கழுவிய குழாயிலோ பார்த்தால் முடிவே தப்பாகிவிடும். சில ரூபாய் கண்ணாடி, ஒரு உயிர்! நாகம், கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்கும். இந்தச் சோதனையில் அது தெரியாது. கண் இமை சரிகிறதா, மூச்சு திணறுகிறதா என்று பக்கத்திலேயே இருந்து பார்க்கணும். விஷம் ஏறிய அறிகுறி தெரிந்தால் விஷமுறிவு மருந்தை அங்கேயே, மேலேயே ஆரம்பித்துவிட்டுத்தான் அனுப்பணும் என்பதே தேசிய சிகிச்சை நெறிமுறை. மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனால் கொடுக்க அட்ரினலின் கையில் தயாராக இருக்கணும்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் சாகிறார்கள். 2024-ல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. வரவேற்கிறோம். ஆனால் எண்ணுவதோடு நின்றால் போதுமா?

கட்டு என்று சொன்னதும் இன்னொன்று. 2022 நவம்பரில் சென்னை பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் மூட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்ட 17 வயதுக் கால்பந்து வீராங்கனையை மறக்க முடியுமா? இறுக்கமாகப் போட்ட கட்டு, ரத்த ஓட்டம் நின்ற கால், கடைசியில் உயிரும் போனது. டாக்டர்கள் இருவர் சஸ்பெண்ட். செய்தி அடங்கியது. அந்தப் பெண் வலி என்று சொன்னபோது காலின் நிறத்தையும் நாடித்துடிப்பையும் மணிக்கு மணி பார்த்து எழுத வேண்டியது யார், எத்தனை நோயாளிக்கு எத்தனை நர்ஸ் இருந்தார்கள் என்ற கேள்விதான் நமக்கு முக்கியம். ஆளைத் தண்டித்துவிட்டு அமைப்பை அப்படியே விட்டால், அடுத்த தவறை மறைக்கத்தான் எல்லோரும் கத்துக்குவாங்க.

டாக்டரை அடிப்பதும் தீர்வல்ல. அதை நாம் ஒருநாளும் ஆதரிக்க மாட்டோம். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒத்தை ஆளாக மலையில் டியூட்டி பார்க்கிறவரும் நம்ம பிள்ளைதான்.

2024 ஏப்ரல் 30 அன்று சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து கொண்டை ஊசி வளைவில் கவிழ்ந்தது. உயிர்கள் போயின. முப்பதுக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் காயம். அப்படி ஒரு சாயங்காலம் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று யாரை முதலில் பார்ப்பது எனப் பிரிக்கத் தெரிந்த ஆள் மேலேயும் வேணும், கீழேயும் வேணும். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. நல்ல திட்டம். ஆனால் அது சாலை விபத்துக்கு. பாம்பு கடித்த அக்காவுக்கு?

நம் கோரிக்கை பெரிசு இல்லை. மலையில் 24 மணி நேரமும் விஷமுறிவு மருந்து, கண்ணாடிக் குழாய், அதைப் பார்க்கப் பயிற்சி பெற்ற நர்ஸ். வண்டி கிளம்பும் முன் சேலத்துக்கு ஒரு போன். நேரம் எழுதிய சீட்டு. தவறு நடந்தால் ஊழியர் பயமில்லாமல் எழுதிக் கொடுக்கவும், அதை மாதம் ஒருமுறை விவாதிக்கவும் ஒரு ஏற்பாடு.

மலைக்கிராமத் தோழர்களே, பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, பாம்பைத் துரத்தாதீங்க. காலை அசைக்காமல் வைத்து, கடித்த நேரத்தை செல்போனில் குறித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்க. ஏற்கனவே கட்டியிருந்தால் வழியில் நீங்களே அவிழ்க்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவிழ்க்கட்டும். உங்களுக்குக் கிடைத்த சீட்டில் நேரம் எழுதியிருந்ததா, மருந்து எங்கே ஆரம்பித்தார்கள் என்பதை, ஊழியர் பெயர் போடாமல், எங்களுக்கு எழுதி அனுப்புங்க. தொகுத்து மாவட்ட ஆட்சியரிடம் மனுவாகக் கொடுக்கிறோம்.

#ஏற்காடு #மலைமக்கள்_உயிர்