நூலகரான கணித ஆசிரியர்

தண்ணீரூற்றிலே பள்ளிப் படிப்பை முடித்து, இனி எத்துறையிற் புகலாமென்று சிந்திக்கும் மாணவ மணிகளே! நூலகர் தொழிலைப் பற்றி நீங்கள் எண்ணியதுண்டா? புத்தகங்களுக்குக் காவலிருக்கும் வேலைதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியிலே கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். தனிமையும் வேலையின்மையும் அவரை வாட்டின. மீண்டும் வகுப்பறைக்கே அனுப்புமாறு வேண்டினார். முதலில் இலண்டன் சென்று இத்துறையைக் கற்று வரும்படியும், பின்னரும் மனம் ஒவ்வாவிடில் திரும்பலாமென்றும் விடை கிடைத்தது.

அங்கே நூலகவியலைப் பயின்றார், பொதுமக்கள் நாடி வரும் நூலகங்கள் பலவற்றையும் கண்டார், மனம் மாறிற்று. 1925-இல் திரும்பியவர், இருபது ஆண்டுகள் அப்பதவியிலேயே நிலைத்தார். நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-இலும், கோலன் பகுப்பு முறையை 1933-இலும் உலகுக்கு அளித்தார். ஒரு நூலின் பொருளைக் கூறுகூறாகப் பிரித்து, எண்ணாலும் எழுத்தாலும் குறிக்கும் அம்முறைக்கு அவரது கணித அறிவே கைகொடுத்தது. 1959-இல் திறக்கப்பெற்று, 1981-இல் எரியுண்டு, மீண்டும் எழுந்த நமது யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் அமைப்புக்கும் அவர் ஆலோசனை கூறியவராவார்.

பட்டப்படிப்பு, அதன்மேல் நூலகவியற் பயிற்சி என்பதே இன்றும் பல்கலைக்கழக நூலகராவதற்குரிய வழி. களனிப் பல்கலைக்கழகத்தில் இது தனித்துறையாகவே கற்பிக்கப்படுகின்றது.

கல்லாமலே ஒரு தொழிலை வெறுத்தல் எளிது. கற்றபின் வெறுத்தல் அரிது. மண்ணுக்கடியில் ஊற்றிருந்தும், தோண்டுவாரின்றேல் தாகந் தீருமா? நூலுக்கும் வாசகனுக்குமிடையே அப்பணியைச் செய்பவரே நூலகர்.