பதினைந்து வயசு யாருக்கும் உறுத்தவில்லை

போன சனிக்கிழமை ஒரு நண்பர் வீட்டில் பாட்லக். எல்லாம் நம்ம எல்லையோரத் தமிழர்கள்தான். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் பாதி, மூணாறு, மறையூர்ப் பக்கம் மீதி. சாம்பார் சூடாவதற்குள் எனக்கும் ஒரு பெரியவருக்கும் முட்டிக்கொண்டது. சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் பதினொன்றாம் வகுப்பு. ஒரு தன்வரலாறு படித்துக் கட்டுரை எழுத வேண்டுமாம். நூலகத்திலிருந்து கமலா தாஸின் 'மை ஸ்டோரி' எடுத்து வந்திருந்தாள். பெரியவர் அட்டையைப் பார்த்தார்.

"ஏம்மா, வயசுப் புள்ள கையில இதையா குடுப்பாங்க? பிரான்சுல சாத்னு ஒருத்தன் இருந்தானே, அவனோட பொம்பளப் பதிப்பு இது."

"நீங்க படிச்சிருக்கீங்களா அங்கிள்?"

"இதையெல்லாம் படிச்சு வேற பாக்கணுமா?"

நாலு பேர் சிரித்தார்கள். அங்கே மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டேன். இங்கே எதற்கு மூட வேண்டும்?

முதலில் அந்த சாத். மார்க்கி த சாத் (1740–1814) வெறுமனே எழுதிவிட்டுச் சிறைக்குப் போனவர் இல்லை. 1768ல் ரோஸ் கெல்லர் என்ற ஏழைப் பெண்ணை அடைத்து வைத்துச் சாட்டையால் அடித்தவர். 1772ல் மார்செய் நகரத்தில் பெண்களுக்கு மிட்டாயில் மருந்து கலந்து கொடுத்ததாக வழக்கு. வலுத்தவன் இன்பத்துக்கு இளைத்தவள் வலி, இயற்கையே அப்படித்தான் என்பது அவர் நூல்களில் ஓடுகிற தத்துவம். அப்படிப்பட்டவரின் கையெழுத்துப் பிரதி ஒன்றை பிரான்சு 2017ல் தேசியப் பொக்கிஷம் என்று அறிவித்து, 2021ல் 45.5 லட்சம் யூரோவுக்கு வாங்கி வைத்திருக்கிறது.

கமலா யாரை அடித்தார்? யாருக்கு மருந்து கொடுத்தார்?

1934ல் புன்னயூர்க்குளத்து நாலப்பாட்டு வீட்டில் பிறந்தவர். அம்மா கவிஞர் பாலாமணியம்மா. அம்மாவின் தாய்மாமன் நாராயண மேனோன் 'ரதிசாம்ராஜ்யம்' என்று காமத்தைப் பற்றி ஒரு நூலே எழுதியவர். அவருக்கு அறிஞர் என்று பெயர். அதே வீட்டுப் பெண் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதினால் 'அடங்காதவள்'. என்ன கணக்கோ இது!

பதினைந்து வயதில் அவரை வயதில் மிகவும் மூத்த ஒரு வங்கி அதிகாரிக்குக் கட்டி வைத்தார்கள். கல்யாணம் என்றால் என்னவென்றே தெரியாத பெண். அன்பைத் தேடிப் போன இடத்தில் உடம்பு மட்டும்தான் கேட்கப்பட்டது, அதுவும் வலுக்கட்டாயமாக. இதைத்தான் அவர் எழுதினார். 1972ல் 'மலையாளநாடு' வார இதழில் 'என்டே கதா' தொடராக வந்தபோது கேரளமே கொதித்தது. எதற்குக் கொதித்தது? பள்ளிக்கூடப் பிள்ளையைக் கட்டிக் கொடுத்ததற்கு அல்ல. அவள் நாற்பது வயதை நெருங்கும்போது அதை வெளியே சொன்னதற்கு.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எங்கள் அம்மாயிக்குக் கல்யாணம் ஆனபோது வயது பதினாலு. கொழிஞ்சாம்பாறையில் அதை யாரும் அசிங்கம் என்று சொல்லவில்லை. பந்தல் போட்டு, விருந்து வைத்துச் செய்தார்கள். அம்மாயி ஒரு முறை, ஒரே ஒரு முறை, மாட்டுக் கொட்டகையில் வைத்து என்னிடம் சொன்னாள்: "மொத வருசம் ராத்திரியானா எனக்கு வயித்தக் கலக்கும் சாமி." அப்புறம் தவிட்டைக் கலக்கப் போய்விட்டாள். நான் மலையாளம் கற்றது பஸ் போர்டு பார்த்து. பிறகு 'என்டே கதா'வைத் தட்டுத்தடுமாறிப் படித்தபோது அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வந்தது.

கமலா சொன்னதெல்லாம் எனக்கு ஒப்புதலா? இல்லை. எழுதியது அத்தனையும் நடந்தது என்று ஒரு நேரம் சொன்னார், கற்பனை என்று இன்னொரு நேரம். 1999ல் இஸ்லாத்துக்கு மாறிய பிறகு பர்தாவைப் பாதுகாப்பு என்று பேசினார். எனக்கு அது சரிப்படவில்லை. ஆனால் அவருடைய கொள்கை என்று ஒன்று உண்டென்றால் சாத்துக்கு நேர் எதிர் அது: அன்பில்லாத கூடல்தான் ஆபாசம், அது தாலி கட்டியவனோடு என்றாலும். இதைக் கேட்டு யாருக்குப் பயம் வர வேண்டும் என்று நீங்களே யோசியுங்கள்.

நம் தமிழிலும் பாருங்கள். ஜி. நாகராஜன் 'குறத்தி முடுக்கு' (1963) எழுதினார், பாலியல் தொழிலாளிகளோடு பழகினார், குடித்தார். நல்ல எழுத்தாளர், மறுக்கவில்லை. அவர் வாழ்க்கையை நம் ஆட்கள் எவ்வளவு வாஞ்சையோடு கதை கதையாகச் சொல்கிறார்கள்! "அதெல்லாம் நிஜமா?" என்று அவரிடம் யாராவது புருவம் உயர்த்திக் கேட்டிருப்பார்களா?

2009 மே 31ல் புனேயில் கமலா இறந்தார். திருவனந்தபுரம் பாளையம் பள்ளிவாசலில் அரசு மரியாதையோடு அடக்கம். செத்த பிறகு மரியாதைக்கு ஒன்றும் குறைவில்லை.

மகள் பாதி படித்துவிட்டு நேற்று கேட்டாள்: "அம்மா, அந்தப் பொண்ணு என்னைவிடச் சின்னவ. ஏன் யாரும் போலீஸ்ல சொல்லல?" பெரியவருக்கு இந்தக் கேள்வியை அனுப்பலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அடுத்த பாட்லக் அவர் வீட்டில்தான். தயிர்சாதம் என் பொறுப்பு. மகளும் வருகிறாள், அவளே கேட்கட்டும்.