தேசவழமைக்குள் ஒளிந்திருக்கும் விக்டோரியா மகாராணி

மட்டக்களப்புப் பெண்ணொருத்தி தன் பெயரில் உள்ள காணியை விற்க விரும்பினால், உறுதியை எடுத்துக்கொண்டு நொத்தாரிசிடம் போய்க் கையொப்பமிட்டு விற்கலாம். காலியில் உள்ள சிங்களப் பெண்ணும் அவ்வாறே. ஏன், யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் வாழும் முஸ்லிம் பெண்ணுக்கும் தடையில்லை. ஆனால் அதே நகரத்தில், அடுத்த தெருவில் வாழும் திருமணமான தமிழ்ப் பெண், பெற்றோர் சீதனமாகத் தந்த வீட்டையோ, திருமணத்துக்கு முன் தன் சம்பளத்தில் வாங்கிய காணியையோ விற்க முற்பட்டால், நொத்தாரிசு முதலில் கேட்பது, "கணவரின் எழுத்துமூலச் சம்மதம் எங்கே?" என்பதைத்தான். அவள் பேராசிரியராக இருக்கலாம், நீதிபதியாகவே இருக்கலாம். கேள்வி மாறாது.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 6ஆம் பிரிவு இதற்குக் காரணம். மனைவியின் தனிச்சொத்து மனைவிக்கே உரியது என்று தாராளமாகத் தொடங்கும் அந்தப் பிரிவு, அசையும் சொத்தை அவள் விரும்பியபடி கையாளலாம், அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்துமூலச் சம்மதத்துடன் மட்டுமே கையாளலாம் என்று முடிகிறது. விற்பது மட்டுமன்று, ஈடு வைப்பதும் இதற்குள் அடங்கும். வேடிக்கை என்னவென்றால், அதே காணியை மரணசாசனம் மூலம் யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்க அவளுக்கு உரிமை உண்டு. அதற்குக் கணவனின் சம்மதம் தேவையில்லை. கணவன் தன் முதுசொக் காணியை விற்பதற்கு மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை.

இதைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நம்மவர்கள் உடனே எழுப்பும் தடை, "தேசவழமையில் கைவைக்காதே, அது எங்கள் மண்ணின் மரபு" என்பது. சரி, மரபைப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத் திசாவையாக இருந்த ஒல்லாந்தர் கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்து, பன்னிரண்டு முதலியார்கள் சரிபார்த்து, 1707இல் நடைமுறைக்கு வந்ததே தேசவழமைத் தொகுப்பு. ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தார்கள். அந்தத் தொகுப்பில் மனைவி கணவனுக்கு அடங்கியவள் என்ற எண்ணம் இருப்பது உண்மையே. அவன் சம்மதமின்றி அவள் நன்கொடை கொடுக்கலாகாது என்றும் அது சொல்கிறது. மறைக்கவேண்டியதில்லை. ஆனால் 1911இன் 6ஆம் பிரிவை எடுத்து, 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச்சட்டத்தின் 9ஆம் பிரிவுடன் அருகருகே வைத்து வாசித்துப் பாருங்கள். அதே கட்டு, அதே நிபந்தனை. 1876இன் சட்டம் யாழ்ப்பாணத்துக்கென எழுதப்பட்டதல்ல. பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட இலங்கையருக்காக, விக்டோரியா காலத்து அதிகாரிகள் எழுதியது. நாம் கட்டிக் காக்கும் 'மரபின்' வாசகத்தை எழுதியவர் யார் என்பது அப்போது விளங்கும்.

அந்த அதிகாரிகள் தம் நாட்டிலேயே இந்த விலங்கை 1882இல் கழற்றிவிட்டார்கள். இங்கிலாந்துப் பெண்ணுக்குச் சொத்துரிமை கிடைத்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழித்தே யாழ்ப்பாணப் பெண்ணின் கையில் அது பூட்டப்பட்டது. 1923இன் 18ஆம் இலக்கத் திருமணமான பெண்களின் சொத்துக் கட்டளைச்சட்டம் பொதுச் சட்டத்தின் கீழ் வரும் இலங்கைப் பெண்களை விடுவித்தது. தேசவழமைக்கு உட்பட்டவர்களை அது வெளியே நிறுத்தியது. 1947இல் இதே யாழ்ப்பாணச் சட்டம் திருத்தப்பட்டபோது தேடிய தேட்டத்துக்குப் புது வரைவிலக்கணம் எழுதினார்கள். கையொப்பம் அப்படியே இருந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தேசவழமையின் ஒரு பகுதி மண்ணோடு ஒட்டியது, மறு பகுதி மனிதரோடு ஒட்டியது. பங்காளருக்கும் உரித்தாளருக்கும் அறிவித்த பின்னரே வெளியாருக்கு விற்க வேண்டும் என்ற முன்னுரிமை வட மாகாணக் காணிக்கு மட்டும் உரியது. கொழும்பில் அது இல்லை. கணவனின் கையொப்பம் அப்படியன்று. யாழ்ப்பாணத்தை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவள் வெள்ளவத்தையில் மாடிவீடு வைத்திருந்தாலும் அது அவளைப் பின்தொடர்ந்து வரும். மட்டக்களப்புப் பெண் யாழ்ப்பாணத்தவரை மணந்தால், மணவாழ்வு நீடிக்கும் வரை அவளும் இச்சட்டத்துக்குள் வந்துவிடுகிறாள். யாழ்ப்பாணப் பெண் மட்டக்களப்பானை மணந்தால் வெளியேறிவிடுகிறாள்! தாலி கட்டுபவரின் ஊரைப் பொறுத்து அவள் காணியின் சட்டமே மாறுகிறது.

கனடாவிலிருந்து எழுதும் நண்பர்கள் சிலர், "இங்கேயும் வீட்டை விற்க இருவர் கையொப்பமும் வேண்டும்" என்பார்கள். ஒன்ராறியோவில் குடும்பம் வாழும் வீட்டுக்கு அது உண்மைதான். ஆனால் அங்கே கணவனுக்கும் மனைவியின் சம்மதம் வேண்டும். குடியிருக்கும் கூரையைக் காப்பதற்கான விதி அது. யாழ்ப்பாண விதி தரிசுக் காணிக்கும் பொருந்தும், மனைவியை மட்டுமே கட்டும்.

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. போரில் கணவன் காணாமல் ஆக்கப்பட்ட பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவன் இறந்துவிட்டான் என்று பதிவதற்கு அவள் மனம் ஒப்பவில்லை. ஒப்ப வேண்டும் என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. சட்டத்தின் கண்ணில் அவள் மனைவி. வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டு ஓடிய சீதன வளவு விடுவிக்கப்பட்டு, இடிந்த வீட்டைத் திருத்த அதை ஈடு வைத்து வங்கிக் கடன் கேட்டால், இல்லாத மனிதனின் கையொப்பம் கேட்கப்படும். 8ஆம் பிரிவு வழிவிடுகிறதே என்பார்கள். ஆம், கணவன் கைவிட்டாலோ, இருப்பிடம் தெரியாவிட்டாலோ, நியாயமின்றிச் சம்மதம் மறுத்தாலோ மாவட்ட நீதிமன்றத்துக்கு மனுச் செய்யலாம். சட்டத்தரணிக்குக் கட்டணம், சத்தியக்கடதாசி, தவணைமேல் தவணை. தன் சொந்த வளவைத் தொடுவதற்கு! சம்மதம் தருவதற்குக் காசு பேரம் பேசும் கணவன்மாரின் கதையை எந்த நொத்தாரிசைக் கேட்டாலும் சொல்வார்.

2021இல் ஞானசார தேரரின் தலைமையில் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணி அமைக்கப்பட்டபோது, தேசவழமைக்கு ஆபத்து என்ற அச்சம் நியாயமானதாகவே எழுந்தது. எனக்கும் அந்த அச்சம் இருந்தது. ஆனால் அதைக் காரணம் காட்டி இந்தப் பிரிவைத் தொடக்கூடாது என்பதை ஏற்க முடியவில்லை. வெளியார் வந்து முழு வீட்டையும் இடிப்பதற்கு முன் நம் கையால் ஓட்டைச் சுவரைத் திருத்துவதல்லவா புத்தி? அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் போகவும் வழியில்லை. பழைய சட்டங்கள் உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்று அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை சொல்லிவிட்டது. ஆகவே பாராளுமன்றமே செய்ய வேண்டும்.

கேட்பது பெரிய காரியமன்று. முதுசொம், சீதனம், தேடிய தேட்டம் என்ற பாகுபாடு இருக்கட்டும். பங்காளரின் முன்னுரிமையும் இருக்கட்டும். துண்டுபட்ட பரப்புகளுக்கு அதனால் நன்மையும் உண்டு. 6ஆம் பிரிவில் எழுத்துமூலச் சம்மதம் பற்றிய அந்தச் சில சொற்களை நீக்கினால் போதும். 8ஆம் பிரிவுக்கு வேலையே இராது. வடக்கிலிருந்து பாராளுமன்றம் சென்றிருப்போரில் எவரேனும் ஒரு தனிநபர் சட்டமூலமாக இதைக் கொண்டுவரலாம். அடுத்த முறை அவர்கள் இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ கூட்டம் பேச வரும்போது, முன்வரிசையில் இருக்கும் பெண்கள் எழுந்து இதைக் கேளுங்கள்.