சிங்கப்பூர் ஆகாயப்படையிடம் ஆவடி கேட்க வேண்டியது

சிங்கப்பூரின் வடமேற்கில், தெங்கா விமானத்தளத்தை ஒட்டி லிம் சூ காங் சாலை ஓடுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே போக்குவரத்தை நிறுத்திவிட்டு விளக்குக் கம்பங்களைக் கழற்றுகிறார்கள். பேருந்து நிறுத்தங்களையும் வழிகாட்டிப் பலகைகளையும் பெயர்த்தெடுக்கிறார்கள். ஒரு பொடிக்கல்கூட இன்ஜினுக்குள் போய்விடாதபடி சாலையைப் பெருக்குகிறார்கள். ஓடுபாதை விளக்குகள் வைத்து, இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிவடத்தையும் பொருத்துகிறார்கள். பிறகு, சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள அந்தத் துண்டில் எஃப்-16 இறங்கி ஏறுகிறது. 1986இல் தொடங்கிய இந்தப் பயிற்சியின் பெயர் 'டோரன்ட்'. பத்திரிகைகள் விமானத்தைப் படம் போடுகின்றன. நம் துறைக்காரர்கள் பார்க்க வேண்டியது, விமானம் வருவதற்கு முன்பு ஸ்பேனரும் துடைப்பமுமாக அங்கே நடக்கும் வேலையை.

பெருநகர சென்னை மாநகராட்சியின் பரப்பில் இரண்டு மடங்குகூட வராத நாடு அது. ஒரு தளத்தில் குண்டு விழுந்தால் பின்வாங்கிப் போக உள்நாடு என்று ஒன்று கிடையாது. ஆகவே சிங்கப்பூர் ஆகாயப்படையின் வரலாற்றில் விமானி எவ்வளவு முக்கியமோ, தரைப்பணியாளரும் அவ்வளவு முக்கியம்.

1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை அங்கிருந்து விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'வான் பாதுகாப்புத் தளபதியகம்' என்ற பெயரில் ஓர் அமைப்பு உருவானது. பயிற்சிக்கு வந்தவை எட்டு செஸ்னா-172 விமானங்கள். நம் ஊர் ஃப்ளையிங் கிளப்களில் நிற்கும் அதே ரகம். அடுத்தடுத்து ஸ்டிரைக்மாஸ்டர், ஹன்டர் ஜெட்டுகள் வந்தன. பிளட்ஹவுண்ட் ஏவுகணைகளையும் தெங்கா தளத்தையும் பிரிட்டிஷாரிடமிருந்து பெற்றுக்கொண்டார்கள்.

தளம் கையில் இருந்தால் மட்டும் படை ஆகிவிடாது. இரண்டாம் உலகப்போரின்போது நம் புழல் ஏரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் 240ஆம் ஸ்குவாட்ரன் கேட்டலினா விமானங்களை இறக்கி ஏற்றியது. போர் முடிந்தது, விமானமும் போயிற்று, அதைப் பராமரிக்கத் தெரிந்த கைகளும் போயின. ஏரி மறுபடி குடிநீர் ஏரியாக மட்டும் நிற்கிறது. சிங்கப்பூர் அந்தக் கைகளைத் தன் மண்ணிலேயே உண்டாக்கிக்கொண்டது. 1975 ஏப்ரல் 1 அன்று படை இன்றைய பெயரைப் பெற்றது. அதே 1975இல் ஒரு விமானப் பராமரிப்பு நிறுவனமும் தொடங்கப்பட்டது. இன்றைய எஸ்டி இன்ஜினியரிங் குழுமத்தின் விமானப் பிரிவுக்கு அதுவே வித்து. பெயர் மாற்றத்தைவிட இந்த இரண்டாவது செய்தியையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதற்குச் சான்று ஸ்கைஹாக். அமெரிக்கக் கடற்படை கழித்துக்கட்டிய அந்த விமானங்களைச் சிங்கப்பூர் 1970களில் வாங்கிப் புதுப்பித்தது. 1980களில் இன்னும் ஒருபடி மேலே போய், பழைய ஜே-65 இன்ஜினைத் தூக்கிவிட்டு எஃப்-404 இன்ஜினைப் பொருத்தியது. இன்ஜினை மாற்றுவது என்றால் மவுண்ட், காற்றுவாய், எரிபொருள் குழாய், எடைச் சமநிலை எல்லாவற்றுக்கும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அமெரிக்க நிறுவனங்கள் துணை நின்றாலும், விமானத்தைப் பிரித்துப் போட்டவர்களும் மறுபடி கோத்தவர்களும் உள்ளூர்க்காரர்கள். 2005 வரை அந்த விமானம் போர்ப்பணியில் இருந்தது. அதன்பின்னும் பிரான்ஸின் காசோ தளத்தில் 2012 வரை மாணவ விமானிகளைச் சுமந்தது.

2007 முதல் படையை ஐந்து தளபதியகங்களாகத் திருத்தி அமைத்தார்கள். அவற்றில் ஒன்றின் முழு வேலையே தளங்களை இயக்குவது, சேதமான ஓடுபாதையைச் சரிசெய்வது, விமானத்தை அடுத்த பறப்புக்குத் தயார் செய்து கொடுப்பது. போர்ப் பிரிவுக்குச் சமமான தகுதி அதற்கு.

தரைப்பணியை மதிக்கும் இந்த மரபு நம்மிடம் இல்லாமல் இல்லை. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் நான்கு வாபிட்டி விமானங்களோடு இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியபோது, ஆறு இந்திய அதிகாரிகளில் ஒருவரான ஜே. என். டாண்டன் தளவாடப் பொறுப்பாளர். அக்காலத்தில் 'ஹவாய் சிப்பாய்' என்று அழைக்கப்பட்ட விமானப்படை வீரராகச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி ஹர்ஜிந்தர் சிங், பின்னாளில் ஏர் வைஸ் மார்ஷலாகிப் பராமரிப்புத் தளபதியகத்துக்கே தலைமை ஏற்றார். சென்னையை அடுத்த ஆவடியில் விமானப்படையின் பழுதுபார்ப்புப் பணிமனையான 8 பி.ஆர்.டி. இருக்கிறது, பக்கத்தில் 1960களில் எழுந்த கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத்திலிருந்து சிஎன்சி வரை, ஹீட் ட்ரீட்மென்ட்டிலிருந்து பிளேட்டிங் வரை அத்தனையும் ஒரு பேருந்துப் பயணத் தொலைவில். இவ்வளவு நெருக்கம் சிங்கப்பூருக்கே பொறாமை தரும்.

நெருக்கம் சாலையில் இருக்கிறது, வேலையில் இல்லை. ஒரு சிறு பட்டறைக்கு டிராயிங் வருகிறது, டாலரன்ஸ் வருகிறது, டெண்டர் தேதி வருகிறது. அந்த உதிரி எங்கே உட்காருகிறது, எதோடு உரசுகிறது, எத்தனை மணிநேரத்தில் எந்த ஓரத்தில் விரிசல் விட்டது என்பது வருவதில்லை. 2020இல் பாதுகாப்பு அமைச்சகம் தொடங்கிய 'சிருஜன்' இணையதளம், இறக்குமதியாகும் உதிரிகளைப் பட்டியலிட்டு உள்நாட்டுத் தொழிலைக் கூப்பிடுகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் தேய்ந்த உதிரியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் ஸ்கைஹாக்கை யாரும் மாற்றிக் கட்டியிருக்க முடியாது.

சிங்கப்பூரிடம் பணம் இருக்கிறது, நமக்கு அது பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. வான்வெளி போதாமல் அவர்கள் ஆஸ்திரேலியாவிலும், 2007 ஒப்பந்தத்தின்படி நம் கலைகுண்டா விமானத்தளத்திலும் பயிற்சி செய்கிறார்கள். அதற்குச் செலவழிக்கும் வசதி அவர்களுக்கு உண்டு. பழுதான உதிரியைச் செய்தவரிடமே திருப்பிக் காட்டுவதற்கு அவ்வளவு பணம் தேவையில்லை. ஒரு வண்டியும் ஒரு கையெழுத்தும் போதும்.

அந்தக் கையெழுத்தைப் போடும் அதிகாரம் பணிமனை மட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. ரகசியம் காக்க வேண்டியவற்றை விட்டுவிடலாம். தரை உபகரணங்கள், டிராலிகள், ஹைட்ராலிக் ஜாக்குகள் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். உங்கள் பட்டறையில் செய்த உதிரி எப்படித் தேய்ந்தது, அடுத்த முறை பொருளையோ வெப்பச் சிகிச்சையையோ எப்படி மாற்றினீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். பாகத்தின் எண்ணோ, நிறுவனத்தின் பெயரோ வேண்டாம். அடுத்த இதழிலிருந்து இதற்கென்றே நான்கு பக்கங்கள் ஒதுக்குகிறோம்.