அரைக்குலமும் ஐந்தாம் ஆண்டு மாணவனும்



அண்மையில் ஜொகூரில் ஒரு பெற்றோர் சந்திப்பில் தந்தையார் ஒருவர் என்னைக் கேட்டார்: "ஐயா, கூட்டல் கழித்தலைத் தமிழில் சொல்லிக்கொடுக்கலாம். உயர்கணிதத்தைத் தமிழில் சொல்ல முடியுமா? முடியாதென்றால் இப்போதே ஆங்கிலத்துக்கு மாறிவிடலாமே?"

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோதும் இதே கேள்விதான். 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோதும் இதே கேள்விதான். அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பற்றிய கவலை அது. அன்று எனக்குச் சரியான மறுமொழி வாய்க்கவில்லை. எனவே வீடு திரும்பியதும் எனக்கு நானே ஒரு தேர்வு வைத்துக்கொண்டேன். நான் அறிந்தவற்றுள் மிகவும் நுண்மையான ஒன்றைத் தமிழில் சொல்லிப் பார்ப்பது! எடுத்துக்கொண்ட தலைப்பு, முடிவுறு அரைக்குலங்களின் வகைகள்.

அரைக்குலம் என்னும் சொல் நான் படைத்ததன்று. தமிழ்நாட்டு மேனிலைக் கணிதப் பாடநூல் கையாண்ட சொல். ஒரு கூட்டத்தில் எந்த இரண்டை இணைத்தாலும் அதே கூட்டத்தைச் சேர்ந்த ஒன்று கிடைக்கவேண்டும். மூன்றை இணைக்கையில் முதல் இரண்டை முன்னே இணைத்தாலும் கடைசி இரண்டை முன்னே இணைத்தாலும் விளைவு மாறக்கூடாது. அவ்வளவே. எழுத்துகளை அடுக்குவதே நல்ல எடுத்துக்காட்டு. 'வரி'யைத் திருப்பினால் 'ரிவ'. ஆக, வரிசை முக்கியம். அடைப்புக்குறியை எங்கே போடுகிறோம் என்பது முக்கியமன்று. (தமிழாசிரியர்களே, புணர்ச்சி விதிகளை இங்கே இழுக்காதீர்கள்!)

எழுத்துகளை அடுக்கினால் முடிவே இராது. முடிவுறு அரைக்குலத்துக்கு வகுப்பறைச் சுவரைப் பாருங்கள். மின்விசிறிக்கு 'முடுக்கு', 'நிறுத்து' என்று இரண்டு பொத்தான்கள். எத்தனை முறை அழுத்தினாலும் கடைசியாக அழுத்தியதே நிற்கும், முன்னது மறந்துபோகும். இன்னொரு விசிறிக்கு ஒரே பொத்தான். ஒருமுறை அழுத்தினால் நிலை மாறும், மறுமுறை அழுத்தினால் பழைய நிலை திரும்பும். திரும்ப வழியுள்ள இந்த இரண்டாவது, குலம். முதலாவது, குலமாகாத அரைக்குலம். எல்லா முடிவுறு அரைக்குலங்களையும் குலங்களாலும் இத்தகைய 'மறக்கும்' விசைகளாலும் அடுக்கடுக்காகக் கட்டிப் பெறலாம் என்று குரோன், ரோட்ஸ் இருவரும் 1965இல் நிறுவினர்.

இந்த அரைக்குலங்களை வகைகளாகப் பிரித்தால் அவ்வகைகள் ஒரு பின்னலாக அமைகின்றன. பின்னலை விளக்க என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களே போதும். 12ஐ மீதியின்றி வகுக்கும் எண்களை எழுதச் சொன்னேன்: 1, 2, 3, 4, 6, 12. அடியில் 1, அதன்மேல் 2உம் 3உம், அதற்கும் மேல் 4உம் 6உம், உச்சியில் 12. ஒன்று மற்றொன்றை வகுத்தால் கோடு இழுக்கவேண்டும். 4, 6 இரண்டிலிருந்தும் இறங்கினால் 2இல் சந்திக்கலாம். ஏறினால் 12இல் சந்திக்கலாம். முதலாம் படிவத்தில் வரும் பொதுக் காரணியும் பொது மடங்கும் இவையே. அரைக்குல வகைகளும் அப்படித்தான். இரண்டு வகைகளுக்குப் பொதுவானது கீழே. இரண்டையும் உள்ளடக்கும் மிகச் சிறிய வகை மேலே.

வியப்பு இதற்கு அப்பால்தான். கீழே இறங்குவது எளிது. ஓர் அரைக்குலம் இரு வகைகளிலும் உள்ளதா என்று தனித்தனியே சோதித்தால் போதும். மேலே ஏறுவதோ அப்படியன்று. தனித்தனியே சோதிக்க வழியுள்ள இரு வகைகளைச் சேர்த்தால், சேர்ந்த வகையைச் சோதிக்க எந்த வழிமுறையுமே இல்லாமற் போகலாம் என்று 1992இல் ஆல்பர்ட், பால்டிங்கர், ரோட்ஸ் மூவரும் மெய்ப்பித்தனர். கணினியின் வேகம் போதாமை அன்று இது. வழிமுறையே இருக்க முடியாது!

இவ்வகை ஒவ்வொன்றும் கணினி அறியும் ஒரு மொழிக் கூட்டத்தோடு பொருந்தும் என்பதை ஐலன்பெர்க் 1976இல் எழுதினார். அம்மொழிகளின் உலகில் நம்மவர்களும் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து, வாசற்கோலத்துக்கு இலக்கணம் வகுத்து 1974இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டனர். நம் ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும், டி.என்.ஏ. இழைகளை வெட்டி ஒட்டுவதை மொழியாகக் கண்டு ஆராய்ந்திருக்கிறார்கள்.

அந்த ஆய்வுகள் ஆங்கிலத்தில்தானே என்பீர்கள். ஆம், மறுக்கவில்லை. ஆங்கிலம் வேண்டும், மலாயும் வேண்டும். 'பின்னல்' என்ற சொல்கூட நானாக வைத்துக்கொண்டதுதான். 'லாட்டிஸ்' என்பதற்குச் சிறந்த சொல் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஆனால், பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கருத்து முதலில் விளங்கவேண்டிய இடமும், பின்னாளில் அவன் கட்டுரை எழுதப்போகும் மொழியும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்று யார் விதித்தது?

அன்று வகுப்பில் ஒரு மாணவன் 12க்கு மேலே 24ஐயும் 36ஐயும் எழுதிக் கோடிழுத்துவிட்டு, "ஐயா, இதுக்கு உச்சியே இல்லையா?" என்று கேட்டான். அந்தத் தாளை வாங்கி வைத்திருக்கிறேன். அடுத்த சந்திப்பில் அந்தத் தந்தையாரிடம் காட்டவேண்டும்.