விமானம் ரத்தானால் பயணி கைக்காசு போட்டுச் செய்த செலவைத் திருப்பித் தரக் கோரும் மனு

அனுப்புநர்
செயலாளர்,
வளைகுடா நாடுகளில் வேலை செய்வோரின் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் சங்கம்,
செங்கல், நெய்யாற்றின்கரை வட்டம்,
திருவனந்தபுரம் மாவட்டம்.

பெறுநர்
1. தலைமை இயக்குநர், சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், புது தில்லி.
2. மாவட்ட ஆட்சியர், திருவனந்தபுரம்.
நகல்: நோர்க்கா ரூட்ஸ் (வெளிநாடு வாழ் கேரளர்களுக்கான அரசு நிறுவனம்), திருவனந்தபுரம்.

பொருள்: விமானம் ரத்தானதாலும் தாமதமானதாலும் பயணிகளுக்கு ஏற்பட்ட வண்டி, உணவு, தங்கும் செலவுகளை விமான நிறுவனங்கள் திருப்பித் தர நடவடிக்கை கோருதல் – தொடர்பாக.

பார்வை: விமான நிறுவனத்துக்கும், அதன் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அரசு அலுவலகம் ஒன்றுக்கும் நாங்கள் முன்பு அனுப்பிய கடிதங்கள் (நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன).

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

செங்கல், காரோடு, பாறசாலை, குளத்தூர் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றவர்களின் குடும்பங்கள் சார்பில், அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு தரும் உரிமையின்படி, இம்மனுவைத் தமிழில் அளிக்கிறோம்.

எந்த விமான நிறுவனம் என்று இம்மனுவில் எழுதவில்லை. எழுதினால் இது ஒரு நிறுவனத்தின் மீதான புகாராகி, அந்த நிறுவனத்துக்கே அனுப்பப்பட்டு, அங்கேயே முடிந்துவிடும். நாங்கள் கேட்பது எல்லா நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும் ஒரு உத்தரவு.

முன்பு எழுதியவற்றை மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் முதல் கடிதம் ஓர் உறுப்பினருக்கு நேர்ந்ததை விவரித்தது. விடுமுறை முடிந்து மஸ்கட் திரும்ப வேண்டியவர் அவர். விமானம் நள்ளிரவை ஒட்டிப் புறப்படுவது. செங்கலிலிருந்து பக்கத்து வீட்டுக்காரரின் காரை வாடகை பேசி எடுத்துக்கொண்டு, பெற்றோரையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு, பாலராமபுரம் நெரிசலையும் கணக்கில் வைத்து முன்னதாகவே புறப்பட்டார். விமானம் ரத்து என்ற செய்தி கவுண்டரில் நின்றபோதுதான் அவருக்குத் தெரிந்தது. குறுஞ்செய்தி போயிருக்கிறது, ஆனால் டிக்கெட் போட்ட ஏஜென்ட்டின் எண்ணுக்கு. தங்குவதற்கு அறை கேட்டார். "நீங்கள் உள்ளூர்க்காரர்தானே, வீட்டுக்குப் போய் நாளை வாருங்கள்" என்றார்கள். அதே காரில் திரும்பினார். மறுநாள் இரவு இன்னொரு வாடகை பேசி மறுபடி போனார். வேலைக்குச் சேர வேண்டிய நாள் தவறியதால் அந்த நாள் சம்பளமும் போயிற்று. முதல் கடிதம் கேட்டது இரண்டே: ரத்துக்கான காரணத்தை எழுத்தில் தாருங்கள், வண்டிச் செலவையும் சாப்பாட்டுச் செலவையும் திருப்பித் தாருங்கள். பதிலாக வந்தது கணினி தானாக அனுப்பும் ஒப்புகை ஒன்று.

இரண்டாம் கடிதத்தில் செலவு விவரங்களையும், காருக்குக் கைபேசி வழியே பணம் அனுப்பிய பதிவையும் இணைத்தோம். மறுநாள் விமானத்தில் இடம் கொடுத்துவிட்டதால் நிறுவனத்தின் பொறுப்பு முடிந்தது, காரின் பதிவு முறையான ரசீது அல்ல என்று பதில் வந்தது. காரணத்தைப் பற்றி அதில் எழுதியிருந்தது ஒரே தொடர்: "எங்கள் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட சூழ்நிலை." எந்தச் சூழ்நிலை என்று கேட்டு மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதிய மூன்றாம் கடிதத்துக்குப் பதிலே இல்லை. நான்காவது கடிதம் அரசு அலுவலகம் ஒன்றுக்குப் போனது. உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டது என்று அங்கிருந்து தெரிவித்தார்கள். உரிய இடம் எது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

எங்கள் கோரிக்கைகள் பின்வருமாறு.

கோரிக்கை 1. ரத்து அல்லது தாமதத்தின் உண்மையான காரணத்தை, பயணி நிலையத்தை விட்டுப் போகுமுன், முத்திரையுடன் எழுத்தில் தர வேண்டும். பயணியின் செலவுக் கோரிக்கையை 30 நாளுக்குள் ஆய்ந்து, பணம் தர வேண்டும், அல்லது மறுப்பதற்கான காரணத்தைச் சான்றுடன் தர வேண்டும்.

இக்கோரிக்கையை விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறோம். மற்றவை எல்லாம் விட்டுப்போனாலும் இது விட்டுப்போகக் கூடாது.

இழப்பீடு பற்றி எழுதினால் உடனே எடுத்துக்காட்டப்படுவது தங்கள் இயக்குநரகத்தின் 2010 ஆகஸ்ட் விதி. போர்டிங் மறுப்பு, ரத்து, தாமதம் ஆகியவற்றின்போது பயணிகளுக்குத் தர வேண்டிய வசதிகள் பற்றியது அது. பின்னர் திருத்தப்பட்டும் இருக்கிறது. உரிய காலத்தில் தகவல் தராமல் ரத்து செய்தால், பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 ரூபாய், அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இவற்றில் எது குறைவோ அதுவே இழப்பீடு. அதே விதி இயற்கைப் பேரிடர், கலவரம், அரசு உத்தரவு, வேலைநிறுத்தம் போன்றவற்றில் இழப்பீட்டிலிருந்து நிறுவனத்துக்கு விலக்கும் தருகிறது. விலக்கு இருக்கட்டும். அது தங்களுக்குப் பொருந்தும் என்று நிறுவனமே சொல்லி, நிறுவனமே தீர்ப்பும் எழுதிக்கொள்வதைத்தான் எதிர்க்கிறோம்.

எங்கள் உறுப்பினர்களின் பயணங்கள் பன்னாட்டுப் பயணங்கள். அவற்றுக்கு இந்தப் பட்டியலைவிட மேலான சட்டம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 2009இல் சேர்ந்தது. 1972ஆம் ஆண்டின் வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தில் மூன்றாம் அட்டவணையாக அது இடம்பெற்றிருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகம், ஓமன், சவூதி அரேபியா, கத்தார், குவைத், பஹ்ரைன் ஆகிய ஆறு நாடுகளும் அதில் உறுப்பு நாடுகள்தாம். அதன் 19ஆம் பிரிவு, தாமதத்தால் பயணிக்கு நேரும் இழப்புக்கு நிறுவனம் பொறுப்பு என்கிறது. அந்தப் பொறுப்பிலிருந்து தப்ப அப்பிரிவு தரும் வழி ஒன்றே: இழப்பைத் தவிர்க்க நியாயமாகத் தேவைப்பட்ட எல்லா நடவடிக்கைகளையும் எடுத்ததாகவோ, எடுக்கவே முடியாமல் இருந்ததாகவோ நிறுவனம் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை நிறுவனத்தின் தலையில். ஒரு பயணிக்கான உச்ச வரம்பு, 2024 டிசம்பர் 28 முதல், பன்னாட்டு நிதியத்தின் சிறப்பு எடுப்பு உரிமை அலகுகள் 6,303. இது ஏழு லட்சம் ரூபாய்க்குக் குறையாது. இந்த வரம்பை எட்டும் தொகையை எங்களில் யாரும் கேட்கவில்லை. கார் வாடகையையும் சாப்பாட்டுக் காசையும் கேட்கிறோம்.

மறுநாள் விமானத்தில் ஏற்றி அனுப்பினால் பொறுப்பு முடிந்தது என்ற பதிலை 19ஆம் பிரிவோடு வைத்துப் பாருங்கள். மறுநாள் கொண்டுபோய்ச் சேர்த்தது என்றாலே தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்றுதான் பொருள். பொறுப்பு முடிவது எப்படி? அங்கேதான் அது தொடங்குகிறது.

நம் உச்ச நீதிமன்றமும் இதே வழியில்தான் நின்றிருக்கிறது. 2021 செப்டம்பர் 6 அன்று வடமேற்கு ரயில்வே வழக்கில் தீர்ப்பு வந்தது. ரயில் நான்கு மணி நேரம் தாமதமாக ஜம்முவை அடைந்ததால் ஸ்ரீநகர் விமானத்தைத் தவறவிட்ட பயணிக்கு, டாக்சிச் செலவு 15,000, முன்பதிவுச் செலவு 10,000, மன உளைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் தலா 5,000 என 35,000 ரூபாய் தரச் சொன்ன உத்தரவை நீதிமன்றம் உறுதிசெய்தது. தாமதம் தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் நேர்ந்தது என்று ரயில்வே விளக்கி நிரூபிக்காவிட்டால் அது பொறுப்பேற்க வேண்டும் என்பதே தீர்ப்பின் சாரம். இந்த 35,000த்தில் முதல் இனமே டாக்சிச் செலவு என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். அரசுக்குச் சொந்தமான ரயில்வேக்கு ஒரு நீதி, விமான நிறுவனத்துக்கு வேறு நீதி என்று இருக்க முடியாது.

ஐரோப்பாவில் 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் வான்வெளியே மூடப்பட்டது. அதைவிட அசாதாரணமான சூழ்நிலை எதைச் சொல்ல முடியும்? ஆனாலும், சிக்கிய பயணிக்கு உணவும் தங்குமிடமும் தராத ரயன்ஏர் நிறுவனம், அவர் தேவைக்கு நியாயமாகச் செலவிட்ட பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2013 ஜனவரி 31இல் தீர்ப்பளித்தது. அது நம் நாட்டுச் சட்டம் அல்ல என்பதை அறிவோம். ஆனால் நம் 2010 விதியையும் கவனமாகப் படித்தால், ரத்தைப் பொறுத்தவரை விலக்கு எழுதப்பட்டிருப்பது இழப்பீட்டுக்கு. காத்திருக்கும் பயணிக்கு உணவு தருவதும், இரவு 8 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் இடையே புறப்பட வேண்டிய விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தங்குமிடம் தருவதும் நிறுவனத்தின் கடமையாக அதில் இருக்கின்றன. வளைகுடா விமானங்கள் பல இந்த நேரத்தில்தான் புறப்படுகின்றன. உள்ளூர்க்காரருக்கு அறை இல்லை என்று அந்த விதியில் எங்கே எழுதியிருக்கிறது? வீட்டுக்கு அனுப்புவதுதான் நிறுவனத்துக்கு வசதி என்றால், போக வர ஆகும் வண்டிச் செலவை அறை வாடகைக்குப் பதிலாக ஏற்கட்டும்.

எழுத்தில் காரணம் கேட்பது பிடிவாதம் அல்ல. மான்ட்ரியல் உடன்படிக்கையின் 35ஆம் பிரிவு, இரண்டு ஆண்டுக்குள் வழக்குத் தொடராவிட்டால் உரிமையே அற்றுப்போகும் என்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இரண்டு ஆண்டுதான் தருகிறது. காரணம் தெரியாமல் வழக்குப் போட முடியாது. காரணத்தைச் சொல்லாமலே நாளைக் கடத்தினால் நிறுவனம் எதையும் நிரூபிக்காமலே வென்றுவிடுகிறது. பாதிக்கப்பட்டவரோ அதற்குள் ஓமனிலோ ரியாத்திலோ வேலையில் இருப்பார். அடுத்த விடுமுறைக்கு ஊர் வரும்போது கெடு கிட்டத்தட்ட முடிந்திருக்கும். சவூதிக்குத் திரும்புகிறவரின் மறுநுழைவு விசாவுக்கும், அமீரகத்துக்குத் திரும்புகிறவர் அந்நாட்டுக்கு வெளியே இருக்கக்கூடிய 180 நாள் கணக்குக்கும் தேதி உண்டு. அந்தத் தேதி தவறியவர் தன் முதலாளியிடம் காட்டவும் அந்த ஒரு தாள்தான் வேண்டும். ஒரு தாளும் ஒரு முத்திரையும் இல்லாமல் வேலை இழக்கும் நிலைக்கு ஒரு தொழிலாளியைத் தள்ளுவதை எப்படி ஏற்பது?

கெடு வைக்க அரசால் முடியும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. 2025 டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது, நிலுவையில் இருந்த ரீஃபண்ட் முழுவதையும் டிசம்பர் 7 இரவு 8 மணிக்குள் தீர்க்கும்படி சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகம் உத்தரவிட்டது. டிக்கெட் பணத்துக்கு மணிக்கணக்கில் கெடு வைக்க முடிந்த அரசிடம் செலவுப் பணத்துக்கு 30 நாள் கெடு கேட்கிறோம். அதற்கு முன் 2024 மே 7 இரவு முதல், ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் பலர் ஒரே நேரத்தில் உடல்நல விடுப்பு எடுத்தபோது, கேரள நிலையங்களில் வளைகுடாப் பயணிகள் சிக்கினர். மே 9 அன்று தில்லியில் பேச்சு நடந்து அது முடிவுக்கு வந்தது. இப்படித் தன் ஊழியர்களோடு ஒரு நிறுவனத்துக்கு வரும் தகராறு எந்த அளவுக்கு அதன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்பதை நிறுவனம் சான்றோடு சொல்ல வேண்டும். வேலைநிறுத்தம் என்ற சொல் விதியில் இருப்பதால் மட்டும் கேள்வி முடிந்துவிடாது.

முன்கூட்டித் தெரிவிக்க முடிந்தால் பயணிக்குச் செலவே இல்லை என்பதைத் திருவனந்தபுரம் நிலையமே காட்டுகிறது. ஐப்பசியிலும் பங்குனியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆறாட்டு ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்து சங்குமுகம் போகும் மாலையில் விமானங்கள் சில மணி நேரம் நிறுத்தப்படுகின்றன. முன்பே அறிவிக்கப்படுவதால் அதற்கேற்பப் புறப்படுகிறோம். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை.

கோரிக்கை 2. கைபேசி வழிப் பணப் பதிவை வண்டிச் செலவுக்கான ரசீதாக ஏற்க வேண்டும். எங்கள் ஊரில் நள்ளிரவில் வரும் கார் பில் புத்தகத்தோடு வருவதில்லை.

கோரிக்கை 3. டிக்கெட்டில் பயணியின் கைபேசி எண்ணையே பதிய ஏஜென்ட்டுகளைக் கட்டாயப்படுத்த வேண்டும். போதிய தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்கிறது 2010 விதி. களியக்காவிளையிலோ நெய்யாற்றின்கரையிலோ உள்ள ஏஜென்ட் தன் எண்ணைப் போட்டுவிட்டால், தண்டனையோ, அது தெரியாத பயணிக்குப் போகிறது. ஏஜென்ட் விமான நிறுவனம் நியமித்த பிரதிநிதி, எனவே ரீஃபண்ட் பொறுப்பு நிறுவனத்துடையது என்று தங்கள் ரீஃபண்ட் விதியே சொல்கிறது. அதே வாதம் எண்ணுக்கும் பொருந்தும்.

கோரிக்கை 4. பயணிகள் உரிமைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் கவுண்டர் அருகே எழுதி வைக்க வேண்டும்.

கோரிக்கை 5. இரவு விமானங்கள் ரத்தாகும் நாளில் நிலையத்திலிருந்து பாறசாலை வரை கேரள அரசுப் பேருந்து இயக்க மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

கோரிக்கை 6. செலவுக் கோரிக்கை எழுத நோர்க்கா அலுவலகத்தில் உதவியாளர் ஒருவரை அமர்த்த வேண்டும். சொந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது பலருக்குத் தெரியாது.

முதல் கோரிக்கை மீது எடுக்கும் முடிவை, ஏற்பதாக இருந்தாலும் மறுப்பதாக இருந்தாலும், காரணத்துடன், தமிழில், எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறோம். மனு உரிய இடத்துக்கு அனுப்பப்பட்டால், அந்த இடத்தின் முகவரியையும் பொறுப்பு அலுவலரின் பதவியையும் அதே கடிதத்தில் குறிப்பிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
சங்கத்துக்காக,
செயலாளர்
இடம்: செங்கல்