பருப்பு வேகுமா என்று பார்ப்பது எப்படி?

'கர்னல்' என்றதும் மீசையும் துப்பாக்கியுமாக ஒரு ராணுவ அதிகாரி ஞாபகத்துக்கு வந்தால் உங்கள் மேல் தப்பில்லை. இங்கிலீஷில் ஸ்பெல்லிங்தான் வேறு, காதில் விழுவது ஒன்று. நான் சொல்ல வந்தது கொட்டைக்குள் இருக்கும் பருப்பை. கம்ப்யூட்டரில் கண்ணுக்குத் தெரிகிற படம், பட்டன், ஜன்னல் எல்லாம் ஓடு. உள்ளே உட்கார்ந்து மெமரியைப் பங்கு பிரித்து, டிஸ்க்கைப் படித்து, எந்த புரோகிராமுக்கு எப்போது பிராசஸர் என்று டோக்கன் கொடுக்கிற ஆசாமிதான் கர்னல். கலைச்சொல்காரர்கள் 'கருனி' என்கிறார்கள். ஆபீஸில் சொன்னால் புதிதாகச் சேர்ந்த ஸ்டெனோ என்று நினைப்பார்கள். கர்னலே இருக்கட்டும்.

உங்கள் பாக்கெட்டில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால் அதற்குள்ளும் ஒரு லினக்ஸ் கர்னல் இருக்கிறது. 1991-ல் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த 21 வயது லைனஸ் டோர்வால்ட்ஸ், தன் 386 மெஷினில் பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்தது. முதலில் சுமார் பத்தாயிரம் வரி. இப்போது மூன்று கோடிக்கு மேல். (இதில் ஒரு வேடிக்கை: 2012 டிசம்பரில் 386 சிப்புக்கான பகுதியைக் கர்னலிலிருந்து எடுத்தேவிட்டார்கள். பிறந்த வீட்டுக்கே வழி மறந்த பிள்ளை!)

இந்த மூன்று கோடி வரியும் எல்லா மெஷினிலும் இருக்காது. கர்னலைத் தயாரிக்கிறவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கேள்விகளுக்கு 'வேண்டும், வேண்டாம்' சொல்லித் தேவையானதை மட்டும் சமைத்துக்கொள்ளலாம். ஆகவே "லினக்ஸ்ல அது உண்டாமே?" என்ற கேள்விக்கு அர்த்தமில்லை. "இந்த மெஷின்ல ஓடற கர்னல்ல உண்டா?" என்பதுதான் கேள்வி. ஓட்டலில் போர்டைப் பார்த்து ரவா தோசை கேட்டால் சர்வர் "இல்ல சார், ஊத்தப்பம்தான்" என்பாரே, அதே கதை. போர்டை நம்பாமல் அடுக்களையில் எட்டிப் பார்ப்பது எப்படி என்பதுதான் இந்த வாரம்.

கறுப்புத் திரையைத் திறந்துகொள்ளுங்கள். பயம் வேண்டாம், இன்று நாம் எதையும் அழிக்கப் போவதில்லை.

முதலில் 'யூநேம்', ஒரு இடைவெளி, ஒரு சின்னக் கோடு, 'ஆர்'. எல்லாம் சின்ன எழுத்து. ஓடிக்கொண்டிருக்கிற கர்னலின் வர்ஷன் நம்பர் வரும். முக்கால்வாசிப் பேர் இதோடு நிறுத்திவிட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். தப்பு அங்கேதான். ரெட் ஹாட் போன்ற கம்பெனிகள் பழைய நம்பரை அப்படியே வைத்துக்கொண்டு புதிய கர்னலின் நல்ல விஷயங்களைப் பின்னோக்கிக் கொண்டுவந்து ஒட்டிவிடுவார்கள். 'பேக்போர்ட்' என்று பெயர். நம்பர் தாத்தா, சாமர்த்தியம் பேரன்.

இரண்டாவது, கர்னலையே கேட்பது. 'ப்ராக்' என்றொரு டைரக்டரி இருக்கிறது. அதில் 'ஃபைல்சிஸ்டம்ஸ்' என்ற ஃபைலை 'கேட்' என்ற ஆணையால் படியுங்கள். (இங்கிலீஷில் பூனை, தமிழில் 'கேட்டுப் பார்' என்று வைத்துக்கொண்டாலும் பொருத்தமே.) எந்தெந்த வகை டிஸ்க் அமைப்புகள் இந்த நிமிஷம் கர்னலுக்குத் தெரியும் என்று பட்டியல் வரும். சில வரிகளின் முன்னால் 'நோடெவ்' என்றிருக்கும். அவற்றுக்கு டிஸ்க் போல ஒரு சாதனம் தனியாகத் தேவையில்லை என்று பொருள். ஆச்சரியம் என்னவென்றால், இந்த ஃபைலின் அளவு பூஜ்யம். டிஸ்க்கில் அப்படி ஒரு ஃபைலே கிடையாது. நீங்கள் படிக்கும் கணத்தில் கர்னல் பதிலை எழுதித் தருகிறது. டபரா செட்டில் அப்போதைக்கப்போது ஆற்றித் தரும் காப்பி.

கவனியுங்கள், 'இந்த நிமிஷம்' என்றேன். பட்டியலில் இல்லை என்பதால் இல்லவே இல்லை என்றாகாது. அதற்கு மூன்றாவது வழி: 'பூட்' டைரக்டரியில் 'கான்ஃபிக்' என்று தொடங்கும் ஃபைல், வால் பகுதியில் வர்ஷன் நம்பருடன். 'யூநேம்' சொன்ன நம்பரும் இதுவும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து வீட்டு ஜாதகத்தை வைத்துக்கொண்டு பலன் பார்த்த மாதிரி. சில மெஷின்களில் இதே விவரம் 'ப்ராக்' டைரக்டரியில் சுருக்கிக் கட்டிய 'கான்ஃபிக் ஜிஸட்' ஃபைலாகவும் கிடைக்கும். 'ஸட்கேட்' போட்டால் பிரித்துக் காட்டும். 'க்ரெப்' என்ற ஆணையால் தேவையான வரியை மட்டும் பொறுக்கினால் மூன்றில் ஒரு பதில்:

'ஒய்' என்றால் கர்னலோடு சேர்த்தே சமைத்தாயிற்று. 'எம்' என்றால் மாட்யூல். தனியாக டப்பாவில் இருக்கிறது, கூப்பிட்டால் வரும். 'செட் பண்ணவில்லை' என்றால் கிடையாது, வேறு ஓட்டல் பார்க்கவும்.

இந்த 'எம்' இருக்கிறதே, அதில்தான் ஊரில் பாதி சண்டை.

2018-ல் ஒரு நண்பரைப் பார்க்க அவர் ஆபீஸுக்குப் போயிருந்தேன். தேதி 29. நானூறு பேர் சம்பளக் கணக்கு இருக்கும் சர்வரில் புது அட்டெண்டன்ஸ் சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டும். அதற்கு 'ஓவர்லே' என்ற வசதி தேவை. ட்ரேஸிங் பேப்பர்களை அடுக்கினால் ஒரே படமாகத் தெரியுமே, அதுபோலப் பல டைரக்டரிகளை அடுக்கி ஒன்றாகக் காட்டுவது. ஏற்றும் ஸ்கிரிப்ட் 'ஓவர்லே இல்லை' என்று சொல்லி நின்றுவிட்டது. சர்வீஸுக்கு வந்த எஞ்ஜினியர் 'யூநேம்' போட்டுப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"கர்னல் 3.10 சார். ஓவர்லே வந்ததே 3.18-ல. எப்படி ஓடும்? எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம். இல்லேன்னா புது சர்வருக்குக் கொட்டேஷன் தரேன்."

"பேக்கப் இருக்கா?" என்றார் நண்பர். யாரும் வாயைத் திறக்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்து மூன்று மாசமே ஆன பையன் ஒருத்தன், இன்னும் ப்ரொபேஷன், மெதுவாக, "சார், இருக்கான்னு ஒரு தடவை கேட்டுப் பாத்துடலாமா?" என்றான்.

"யார்கிட்ட?"

"மெஷின்கிட்ட சார்."

'மாட்இன்ஃபோ ஓவர்லே' என்று தட்டினான். மாட்யூல் எந்த டைரக்டரியில் இருக்கிறது என்று விலாசமே வந்தது. அடுத்து 'மாட்ப்ரோப் ஓவர்லே'. திரையில் ஒன்றும் வரவில்லை. யூனிக்ஸ் பரம்பரையில் மௌனம் சம்மதம். கோளாறு என்றால்தான் வாயைத் திறக்கும். மறுபடி 'ஃபைல்சிஸ்டம்ஸ்' ஃபைலைப் படித்தான். கடைசி வரியில் 'நோடெவ் ஓவர்லே'. ரெட் ஹாட் தன் 3.10-க்குள் ஓவர்லேயைப் பேக்போர்ட் செய்து வைத்திருந்தது. அடுத்த தடவை மெஷின் பூட் ஆகும்போது மறக்காமல் இருக்க ஒரு ஃபைலில் ஒரு வரி எழுதி வைத்தான். மொத்தம் நாலு நிமிஷம். எஞ்ஜினியர் "பேக்போர்ட் பண்ணிருக்காங்க போல" என்று கொட்டேஷன் பேடைப் பைக்குள் வைத்துக்கொண்டார். நானூறு பேருக்கு ஒண்ணாம் தேதி சம்பளம் வந்தது. நடந்தது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் இந்த வேலையின் லட்சணம்.

எஞ்ஜினியர் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. உலகத்துப் பொதுக் கர்னலில் ஓவர்லே வந்தது 3.18-ல்தான். அவர் உலகத்தைப் பற்றிச் சொன்னார். பையன் எதிரில் இருந்த மெஷினைப் பற்றிக் கேட்டான். நாற்பது ஜிபி அழியுமா, பிழைக்குமா என்கிற நேரத்தில் இரண்டாவதுதான் முக்கியம்.

இதே முறையில் இன்னொன்றையும் கேட்கலாம். 2018 ஜனவரியில் 'மெல்ட்டவுன்', 'ஸ்பெக்டர்' என்று பிராசஸர்களிலேயே ஓட்டை இருப்பது வெளியே வந்தது. அதிலிருந்து 'ஸிஸ்' டைரக்டரிக்குள் 'டிவைசஸ்', 'சிஸ்டம்', 'சிபியு' என்று இறங்கினால் 'வல்னரபிலிட்டீஸ்' என்று ஓர் இடம். ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு ஃபைல்: 'பாதிப்பில்லை', 'தடுத்திருக்கிறேன்', 'ஆபத்து' என்று கர்னல் தானே வாக்குமூலம் கொடுக்கிறது. அரசியலில் இப்படி ஒரு டைரக்டரி இருந்தால் எவ்வளவு சௌகரியம்!

கடைசியாக ஒன்று. பட்டியல், கான்ஃபிக், மாட்யூல் எல்லாம் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் செய்தே பார்ப்பது உத்தமம். கர்னலில் இல்லாத ஒரு வேலையைக் கேட்டால் அது கோபிக்காது. பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் 38 என்ற பிழை எண் திரும்பி வரும். 'இந்த வேலை எனக்குக் கற்றுத்தரப்படவில்லை' என்று அர்த்தம். நல்ல புரோகிராம்கள் அதை வாங்கிக்கொண்டு வேறு வழியில் காரியத்தை முடிக்கும்.

தெரியாது என்பதை ஒரே நம்பரில், சாக்குச் சொல்லாமல் சொல்கிற நேர்மை. நம் ஆபீஸ்களில் எத்தனை பேருக்கு வரும்?